பதினோரு பள்ளங்களும் ஒரு பச்சை நூலும்

புளியந்தோப்புத் தெருவுக்கு விருந்தாளிகள் யாராவது வந்தால், அந்தத் தெருக்காரர்கள் முதலில் வீட்டைக் காட்ட மாட்டார்கள். பள்ளத்தைத்தான் காட்டுவார்கள்.

"எங்க வூட்டுப் பள்ளம் மூணு படிங்க. மேல இரும்பு மூடிகூடப் போட்டிருக்கு" என்பார் முதல் வீட்டு முத்துசாமி தாத்தா.

"எங்க பள்ளம் முழுக்க டைல்ஸு. எங்க அத்தா துபாய்லேர்ந்து லீவுல வந்தப்ப ஒட்டுனாங்க" என்பான் ஏழாம் வீட்டு அன்சார்.

மூன்றாம் வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சும்மா சிரிப்பார்கள். ஏனென்றால் தெருவிலேயே ஆழமான பள்ளம் அவர்களுடையதுதான். நான்கு படி! அதற்குள் இறங்கி நின்றால் அந்த வீட்டுப் பெண் முத்தமிழின் தலை மட்டும்தான் வெளியே தெரியும்.

அது என்ன பள்ளம் என்கிறீர்களா?

குரும்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தச் சின்ன ஊர். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் அங்கே வீட்டுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தது. எல்லா வாசலிலும் முழங்கால் உயரத்தில் பளபளவென்று ஒரு குழாய். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு நிற்கும்.

ஒருநாள் யாரோ ஒருவர் குழாயை வெட்டிக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். அட, தண்ணீர் வேகமாக வந்தது! பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஒரு அடி பள்ளம் தோண்டி, குழாயை அதற்குள் இறக்கினார். அதற்கு அடுத்த வீட்டுக்காரர் ஒன்றரை அடி. அதற்கும் அடுத்தவர் இரண்டடி. அப்புறம் முதலில் தோண்டியவர் மறுபடியும் தோண்டினார்.

இப்படியே போய், தெருவில் இருக்கும் பன்னிரண்டு வீடுகளில் பதினோரு வீட்டு வாசலில் பள்ளம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் பள்ளத்துக்குள் தவளை குடும்பம் நடத்தும். மற்ற நாட்களில் பிள்ளைகள் அதற்குள் ஒளிந்து கண்ணாமூச்சி ஆடுவார்கள்.

இத்தனை பள்ளங்களையும் தோண்டிப் பூசியது ஒரே ஆள்தான். தங்கராசு கொத்தனார். முத்தமிழின் அப்பா.

"தங்கராசு கைபட்ட பள்ளம். நூறு வருசம் நிக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

முத்தமிழின் அம்மா அம்பிகாதான் ஊருக்கு டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதும், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து வால்வைத் திறப்பதும் அவர் வேலை.

அப்பா பள்ளத்துக்கு ராஜா, அம்மா தண்ணீருக்கு ராணி. முத்தமிழுக்கு என்ன குறை? ஒரே ஒரு குறைதான். அது தினமும் காலை எட்டே முக்கால் மணிக்கு வரும்.

"கீதாஞ்சலி! ஏய் கீதாஞ்சலி! பெல் அடிக்கப் போகுதுடீ!"

பன்னிரண்டாம் வீட்டு வாசலில் நின்று முத்தமிழ் தினமும் கத்துவாள். ஆறாம் வகுப்பில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. பேனா, அழிப்பான், புளிச்சாதம் எல்லாமே பாதிப் பாதி.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று ஓடி வருவாள் கீதாஞ்சலி. பாவாடை ஓரம் நனைந்திருக்கும். ஒரு பக்கம்தான் பின்னல் போட்டிருக்கும். மறு பக்கத்தை நடந்துகொண்டே பின்னுவாள்.

கீதாஞ்சலியின் வீடு தெருவின் கடைசி வீடு. அங்கே மட்டும் பள்ளம் இல்லை. தங்கராசு கொத்தனாரும் தோண்டித்தான் பார்த்தார். ஒரு அடிக்குக் கீழே பாறை. கடப்பாரைதான் வளைந்தது.

அதனால் அந்தக் குழாய் முழங்கால் உயரத்திலேயே நின்றது. அதில் வருவது நூல் போல ஒரு தண்ணீர். ஒரு மணி நேரத்தில் இரண்டு குடம் நிரம்பினால் அதிசயம். மீதித் தண்ணீருக்குக் கீதாஞ்சலியும் அவள் அம்மா சண்முகப்பிரியாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அடிபம்புக்குப் போக வேண்டும். அப்பா லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். தம்பிக்கு மூன்று வயது. அவனால் ஒரு டம்ளரைத்தான் தூக்க முடியும். அதையும் வழியிலேயே குடித்துவிடுவான்.

அன்று திங்கட்கிழமை. நடந்துகொண்டே கீதாஞ்சலி சொன்னாள்.

"முத்தமிழ், நாங்க மீன்சுருட்டிக்குப் போயிடுவோம் போலருக்கு."

"லீவுக்குத்தானே? போயிட்டு வா."

"லீவுக்கு இல்லடீ. ஒரேயடியா. அங்க எங்க அம்மாவப் பெத்த அம்மாயி வூட்டு மாடி காலியா இருக்கு. அதை வேற யாரோ வாடகைக்குக் கேக்குறாங்களாம். நாங்க வரோமா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லணுமாம். 'தினம் தண்ணி தூக்கித் தூக்கி என்னால முடியல'ன்னு அம்மா அழுதுச்சு."

முத்தமிழ் நடப்பதை நிறுத்திவிட்டாள். மீன்சுருட்டி எங்கேயோ ஜெயங்கொண்டத்துக்கும் அந்தப் பக்கம் இருந்தது. பஸ்ஸில் போனாலே பாதி நாள் போய்விடும். அங்கிருந்து யாரும் ஒரே பெஞ்சில் உட்கார வர முடியாது.

"அங்க தண்ணி வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

"மாடியிலயே வருதாம்."

பள்ளிக்கூட மணி அடித்தது. அன்று இரண்டு பேருமே ஓடவில்லை.

அந்த வாரமே உலகத் தண்ணீர் தினம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கிராம சபைக் கூட்டம் நடத்தினார்கள். பிஸ்கட் கொடுப்பார்கள் என்று பிள்ளைகளும் போயிருந்தார்கள்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். "யாருக்கு என்ன குறைன்னாலும் சொல்லுங்க" என்றார்.

உடனே முத்துசாமி தாத்தா எழுந்தார். "மேடம், எங்க தெருவுக்குத் தண்ணி பத்தல. இன்னொரு போர் போட்டுக் குடுங்க. பெருசா ஒரு மோட்டாரும் வேணும்."

அதிகாரி அம்மா தலையை ஆட்டினார். "இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி ரொம்பக் கீழ போயிட்டுதுங்க ஐயா. தோண்டத் தோண்ட இன்னும் கீழதான் போகும். அதனால புது போருக்கு அனுமதி கிடைக்காது. இருக்கிற தண்ணியை எல்லாரும் பங்கிட்டுக்கணும். நாடு முழுக்க அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. உங்க டேங்க்லயே எழுதியிருக்கே, பாக்கலையா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேல்நிலைத் தொட்டியில் நீல எழுத்தில் எழுதியிருந்தது: 'ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்.'

"அம்பத்தஞ்சு வேணாம் மேடம். அஞ்சு வந்தாப் போதும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சண்முகப்பிரியா.

கூட்டம் சிரித்தது. ஆனால் சண்முகப்பிரியா சிரிக்கவில்லை. "கடைசி வூடுன்னா எங்களுக்குத் தாகம் எடுக்காதா? வால்வைத் தொறக்கிறவங்க ஒழுங்காத் தொறந்தா எங்க வூட்டுக்கு ஏன் வராது? அவங்க வூட்டுப் பள்ளத்துல மட்டும் அருவி மாதிரி கொட்டுதே!"

அம்பிகாவின் முகம் சுருங்கிவிட்டது. "எட்டுச் சுத்து சுத்தி முழுசாத்தான் தொறக்கிறேன் பிரியா. நம்பலைன்னா நாளைக்கு நீயே வந்து பாரு."

"நாங்க என்னத்தப் பாக்குறது? பாக்க வேண்டியதெல்லாம் எங்க காலிக் குடத்துல பாத்தாச்சு!"

முத்தமிழ் கீதாஞ்சலியைப் பார்த்தாள். கீதாஞ்சலி கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பிஸ்கட்டை அவர்கள் பாதியாகப் பிரித்துக்கொள்ளவில்லை.

இரவு சாப்பாடு முடிந்தது. முத்தமிழ் ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். கீதாஞ்சலி வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கு இருநூற்று இருபது லிட்டர். ஒரு குடம் பதினைந்து லிட்டர். அப்படியென்றால் பதினைந்து குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வருவதோ இரண்டு.

"அம்மா, நம்ம தெருவுக்கு ஒரு மணி நேரத்துல போற தண்ணி எல்லாருக்கும் பத்தாதா?"

"ஏன் பத்தாது? தாராளமாப் பத்தும்."

"அப்ப அந்தப் பதிமூணு குடம் எங்கம்மா போகுது?"

அம்மா நோட்டை வாங்கி அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்.

பதில் சனிக்கிழமை கிடைத்தது. அதுவும் அப்பாவின் வேட்டியில்.

லீவு நாளில் முத்தமிழ் சில சமயம் அப்பாவோடு வேலைக்குப் போவாள். அவளுக்கு அங்கே ஒரு முக்கியமான வேலை உண்டு. லெவல் டியூப் பிடிப்பது. கண்ணாடி போலத் தெளிவான நீளமான டியூப் அது. அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அப்பா பிடிப்பார். மறு முனையை முத்தமிழ் பிடிப்பாள். இரண்டு முனையிலும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் ஒரே மட்டம். அங்கே கோடு போட்டு நூல் கட்டினால் சுவர் கோணாது.

அன்று குரும்பலூரில் ஒரு வீட்டுக்கு மட்டம் பார்த்தார்கள். முத்தமிழின் மனசோ மீன்சுருட்டியில் இருந்தது.

"தமிழு, உன் முனையை இறக்காத!"

"ம்ம்..."

"இறக்காதன்னு சொல்றேன்ல! ஏய்! ஏய்!"

அவள் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. டியூபில் இருந்த தண்ணீரெல்லாம் அவள் பக்கம் பாய்ந்து வந்து கொட்டியது. அப்பா பதறிப்போய்த் தன் முனையையும் இறக்க, மீதி அவர் வேட்டியை நனைத்தது.

"போச்சு! மறுபடியும் ரொப்பணும்" என்றார் அப்பா, வேட்டியைப் பிழிந்துகொண்டே.

முத்தமிழ் மண்ணில் ஓடும் தண்ணீரையே பார்த்தாள்.

"அப்பா! நான் இறக்குனதும் உங்க பக்கத்துத் தண்ணியும் என் பக்கம் வந்துட்டே!"

"ஆமா. தாழ இருக்கிற பக்கம்தானே தண்ணி போகும்?"

"நம்ம தெருவும் இந்த டியூபு மாதிரிதானேப்பா? நாம எல்லாரும் முனையை இறக்கிட்டோம். கீதாஞ்சலி வூட்டுத் தண்ணியும் நம்ம பள்ளத்துல வந்து கொட்டுது!"

அப்பா பிழிவதை நிறுத்தினார்.

"அம்மா மேல தப்பு இல்லப்பா. பள்ளத்து மேலதான் தப்பு."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? நான் தோண்டுன பள்ளத்தை நானே மூடவா? ஊரு சிரிக்காது?" அப்பாவின் குரல் இறங்கியது. "அப்படியே நாம மூடுனாலும், மத்தவங்க மூடுவாங்களா? யார் முதல்ல மூடுறாங்களோ அவங்களுக்குத் தண்ணி வராது கண்ணு. அதனால ஒருத்தரும் மூட மாட்டாங்க."

அது நிஜம்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் முத்தமிழ் யோசித்தாள். ஒருவர் மட்டும் மூடினால் அவருக்கு நஷ்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் மூடினால்?

அதுவும் மூடவே வேண்டாம். ஒரே ஒரு மணி நேரம், மூடின மாதிரி செய்து பார்த்தால்?

அன்று மாலை அவள் முதலில் போனது அன்சாரிடம்.

"உன் வூட்டுல ரப்பர் ஓஸ் இருக்குல்ல? நாளைக்குக் காலையில அதைக் குழாய்ல மாட்டி, வாயைத் தூக்கிப் பிடிக்கணும். தெருவே பிடிக்கணும். எல்லாம் ஒரே மட்டத்துல."

"எதுக்கு?"

"கடைசி வூட்டுக்குத் தண்ணி போகுதான்னு பாக்க."

அன்சார் டைல்ஸ் பள்ளத்தை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தான். "கண்ணாமூச்சிக்கு இதைவிட நல்ல இடம் கெடையாது. சரி, ஒரு மணி நேரம்தானே? வரேன். ஓஸ் கழண்டுக்காம சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிடலாம்."

அவன் அம்மா நஜ்முன்னிசா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "யா அல்லா, இதுங்க என்னமோ திட்டம் போடுதுங்க. குடம் நெறையலைன்னா நாளைக்கு உனக்கு நாஷ்டா கெடையாது, சொல்லிட்டேன்!"

"நெறையும் அத்தை. ஓஸ்லயே நெறையும்" என்றாள் முத்தமிழ்.

இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். பிள்ளைகள் இருந்த வீடுகளில் கஷ்டமே இல்லை. தண்ணீரில் விளையாடலாம் என்றால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? கஷ்டம் முதல் வீட்டில்தான் இருந்தது. முத்துசாமி தாத்தா தனியாக இருப்பவர்.

"நான் ஏன் தூக்கணும்? மூணு படிப் பள்ளம் வெச்சிருக்கேன். எனக்கு நல்லாத்தான் வருது."

முத்தமிழ் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். தைலம் தடவித் துணி சுற்றியிருந்தது.

"தாத்தா, தினமும் மூணு படி இறங்கி, குடத்தோட மூணு படி ஏறுறீங்களே, முட்டி வலிக்கலையா?"

"வலிக்காம? உயிர் போகுது."

"நாளைக்கு ஒரு நாள் இறங்காதீங்க. நாற்காலியில உக்காந்துக்கங்க. ஓஸை உங்க ஜன்னல் கம்பியில நான் கட்டித் தரேன். தண்ணி மேலயே வந்து குடத்துல விழும்."

தாத்தா முழங்காலைத் தடவிக்கொண்டார். "உக்காந்துட்டேவா?"

"உக்காந்துட்டே."

"அப்பச் சரி. ஒரு நாள்தான், ஆமா!"

அடுத்தது மட்டம். கீதாஞ்சலி வீட்டுக் குழாயின் உயரத்திலிருந்து தொடங்கி, லெவல் டியூப் வைத்துப் பச்சை நூலை ஒவ்வொரு வீடாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள் முத்தமிழும் அன்சாரும். கீதாஞ்சலி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே வந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டாள். முத்தமிழுக்கு மனசு லேசாகிவிட்டது.

நூல் போகப் போக ஒரு வேடிக்கை தெரிந்தது. கடைசி வீட்டில் முழங்கால் உயரத்தில் தொடங்கிய நூல், அன்சார் வீட்டில் இடுப்புக்கு வந்தது. மூன்றாம் வீட்டில் நெஞ்சுக்கு வந்தது. சமமாகத் தெரிந்த தெரு, உண்மையில் கடைசி வீட்டை நோக்கி மெல்ல மெல்ல மேடேறியிருந்தது!

அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்கு வரவில்லை. பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்புறம் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏய், டியூபுக்குள்ள காத்துக் குமிழி நிக்குது பாரு! மட்டம் தப்பாக் காட்டும். தங்கராசு பொண்ணு கட்டுன நூலு கோணலா இருந்தா யாருக்குக் கேவலம்? குடு இங்க!"

மீதி நூலை அவரே கட்டினார். நூல் முறுக்காக, நேராக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மணி ஐந்தே முக்கால்.

புளியந்தோப்புத் தெரு இதுவரை அப்படி இருந்ததே இல்லை. பதினோரு வாசலிலும் பதினோரு ஓஸ்கள் பச்சை நூலைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் சேர்ந்து பிடித்தார்கள். ஒரு வீட்டில் பால் வாங்க வந்த மாமா மாட்டிக்கொண்டார். தாத்தா நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வீட்டில் அப்பா பிடித்தார். அம்மா வால்வுக்குப் போய்விட்டார். முத்தமிழ் கடைசி வீட்டில் கீதாஞ்சலியோடு நின்றாள்.

சண்முகப்பிரியா கதவில் சாய்ந்தபடி, "இதெல்லாம் வெளையாட்டு" என்றார். ஆனாலும் குழாய்க்குக் கீழே ஒரு குடத்தைக் கழுவி வைத்திருந்தார்.

ஆறு மணி. முதலில் 'புஸ்' என்று காற்று வந்தது. பிறகு ஒவ்வொரு வீடாகச் சத்தம் கேட்டது.

"எங்களுக்கு வந்துட்டு!"

"எங்களுக்கும்!"

அன்சார் வீடு தாண்டியது. பத்தாம் வீடு தாண்டியது. பதினோராம் வீட்டில் சொட்டுச் சொட்டாக வந்தது. பன்னிரண்டாம் வீட்டில்... ஒன்றும் இல்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தம்பி குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"எனக்குத்தான் தெரியுமே" என்று சண்முகப்பிரியா குடத்தை எடுக்கக் குனிந்தார்.

"இருங்க அத்தை! யாரோ ஓஸை இறக்கிட்டாங்க!" முத்தமிழ் நூலைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அன்சார் சரி. ஆறாம் வீடு சரி. ஐந்து, நான்கு எல்லாம் சரி. தெருவே முதல் வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தது.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்று கத்தினார் தாத்தா. "ஜன்னல்ல கட்டினது கட்டினபடியே இருக்கு. அந்தா, மூணாம் வூட்டைப் பாருங்க!"

முத்தமிழ் திரும்பினாள்.

மூன்றாம் வீட்டில் அப்பாவைக் காணோம். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அப்பா குனிந்து, பள்ளத்துக்குள் இருந்த குடத்தில் ஓஸை விட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சாவகாசமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையில் ஓஸைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். தன்னையே பார்க்கும் தெருவையும் பார்த்தார்.

"அடடா... பழக்கதோசம் கண்ணு! குடம் உள்ள இருந்துச்சா, கை தானாப் போயிட்டு!"

தெருவே சிரித்தது. தாத்தாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அப்பா அவசரமாக நான்கு படி ஏறி, ஓஸை நூலில் வைத்தார். இந்த முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் கடைசி வீட்டைப் பார்த்தார்கள்.

"முத்தமிழ்ழ்ழ்!" கீதாஞ்சலியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "வந்துட்டுடீ! கொட்டுதுடீ!"

நூல் போல இல்லை. கட்டை விரல் பருமனுக்கு, 'தொபுதொபு'வென்று குடத்தில் விழுந்தது தண்ணீர். தம்பி அப்படியே தலையைக் கொண்டுபோய் அதற்குள் வைத்துவிட்டான்.

சண்முகப்பிரியா ஒரு குடம் பிடித்தார். இரண்டு. மூன்று. எட்டாவது குடத்தில் குடங்கள் தீர்ந்துபோயின. அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தார். மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாகக் குடங்கள் நிறைந்தன. பள்ளத்தில் வழிந்து வீணாகும் தண்ணீர் அன்று ஒரு சொட்டும் இல்லை.

"போதும்! போதும்!" என்று யாரோ கத்தினார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதே இல்லை.

ஏழு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே அம்பிகா வால்வை மூடினார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் சண்முகப்பிரியா நின்றார். கையில் ஒரு டம்ளர் டீ.

"எங்க வூட்டுக் குழாய்த் தண்ணியில போட்டது, அக்கா" என்றார்.

அம்பிகா ஒரு வாய் குடித்தார். "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று மதியமே அப்பா மண்வெட்டியை எடுத்தார். முதலில் தன் வீட்டுப் பள்ளத்தைத்தான் மூடினார். நான்கு படியும் மண்ணுக்குள் போனபோது லேசாகப் பெருமூச்சு விட்டார். பிறகு நூல் மட்டத்துக்குக் குழாயை உயர்த்தி, கீழே குடம் வைக்க ஒரு மேடையும் கட்டினார்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து அதில் குடத்தை வைத்துப் பார்த்தார். "குனியவே வேணாமே! அப்படியே இடுப்புல எடுத்து வெச்சுக்கலாம் போலருக்கே! தங்கராசண்ணே, எங்க வூட்டுக்கு எப்ப வரீங்க?"

"முதல்ல என் வூட்டுக்கு! முட்டி வலிக்காரன் நான்தான்!" என்று முதல் வீட்டிலிருந்து தாத்தா சத்தம் போட்டார்.

அன்சார் தன் பள்ளத்தில் குடியிருந்த தவளையை வாளியில் எடுத்துக்கொண்டு போய் ஊர்க்குளத்தில் விட்டான். டைல்ஸை மட்டும் உடையாமல் பெயர்த்து மேடையில் ஒட்ட வேண்டும் என்று தங்கராசு மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

மாலையில் சண்முகப்பிரியா போனில் பேசியது தெரு முழுக்கக் கேட்டது. மீன்சுருட்டிக்குப் பேசுகிறோம் என்பதால் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"அம்மா, மாடியை அவங்களுக்கே குடுத்துடு. நாங்க வரலை. ஆமா, வருது. நல்லா வருது. இல்லம்மா, புது போரெல்லாம் இல்ல. ஒரு நூலு கட்டுனாங்க. நூலும்மா, நூலு!"

வாசலில் உட்கார்ந்திருந்த முத்தமிழும் கீதாஞ்சலியும் ஒரு கடலை மிட்டாயைச் சரிபாதியாக உடைத்தார்கள். பெரிய துண்டு தம்பிக்குப் போய்விட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிறு மதியம் முழுக்க அப்பாவுக்குச் சிமென்ட் கலந்து கொடுத்த அலுப்பில் முத்தமிழ் நன்றாகத் தூங்கிவிட்டாள். அவசர அவசரமாகக் குளித்து, ஒரு பக்கம் பின்னல் போட்டு முடித்தபோது, வாசலில் ஒரு குரல் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். இரட்டைப் பின்னல், மடிப்புக் கலையாத பாவாடை, தோளில் பையோடு கீதாஞ்சலி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னும் தலை பின்னலையா? தினம் உன்னால எனக்கு லேட்டுடீ!"